திரை ‘டிஸ்க்’ என்று சொன்னால்: பழைய கணினிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பழைய கணினியின் திரையில் ‘டிஸ்க்’ என்ற சொல் வந்த உடனேயே ஹாட் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஃபோர்மட் அடித்து, விண்டோஸை மீளப் போட்டுவிடும் வழக்கம் வன்னியில் இன்னும் போகவில்லை. கணினி மறுபடி ஓடும். உள்ளே இருந்தவை திரும்பி வரா. இடப்பெயர்வுகளில் கலியாண அல்பத்தையும் காணி உறுதியையும் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எஞ்சிய ஒன்றிரண்டு படங்களை எங்கோ ஸ்கான் பண்ணி வைத்திருந்தால், அது ஒரு பழைய பென்டியம் 4 பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதனால் இந்த வழிமுறை முழுவதற்கும் ஒரே விதி: பற்றரி, வயர், மின்சாரம், அமைப்பு ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும்வரை டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது.

எரரை வாசித்ததும் அதைச் சொல்வது யார் என்று பாருங்கள். கணினி போட்டவுடன் வருவதைச் சொல்வது மதர்போட்டில் இருக்கும் பயோஸ். அதற்கு அடுத்து, கறுப்புத் திரையில் ஒற்றை வரியாக வருவதைச் சொல்வது டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் மிகச் சிறிய புரோகிராம். ஒரு செக்டர் 512 பைட்தான். விளக்கம் சொல்ல அங்கே இடமில்லை. எது நடந்தாலும் அதே வரியைத்தான் அது காட்டும். விண்டோஸ் ஏறிய பின் வருவது விண்டோஸின் பேச்சு. கேட்ட தரவு நேரத்துக்கு வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வழியில் எங்கே நின்றது என்று தெரியாது. ஒரு வரி யார் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்ரி மீற்றர், ஒரு புதிய சிஆர் 2032 பற்றரி, நல்லது என்று தெரிந்த ஒரு சாட்டா வயர் (டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கும் ஒடுங்கிய வயர்), 80 இழை ஐடிஈ பட்டி வயர் (அதே வேலைக்கான பழைய அகல வயர்) ஒன்று, நல்ல பவர் சப்ளை ஒன்று, லினக்ஸ் ஓடும் சீடி அல்லது பென் ட்ரைவ். இந்தத் தலைமுறைக் கணினிகள் சில பென் ட்ரைவிலிருந்து ஏறமாட்டா, அதனால் சீடியும் இருக்கட்டும். எரர் வரியைத் தொடங்குமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். ‘ஏதோ டிஸ்க் எரர்’ என்ற ஞாபகத்தை வைத்துக்கொண்டு எதையும் பிரித்தறிய முடியாது.

திகதி பின்னுக்குப் போயிருக்கிறது, கூடவே டிஸ்க் எரர்

எந்த எரர் வந்தாலும் முதலில் பயோஸுக்குள் போய்த் திகதியைப் பாருங்கள். 2002, 2005 என்று பழைய ஆண்டு நின்றால், அல்லது ‘சீமொஸ் செக்சம் எரர்’ (பயோஸ் சேமித்த அமைப்புகள் கெட்டுவிட்டன) என்று வந்தால், மதர்போட் பற்றரி இறங்கிவிட்டது. டிஸ்க்கைத் தொடத் தேவையில்லை.

பற்றரி போனால் பயோஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். அதனால் வரும் எரர்கள் ஒன்றுகூடப் பற்றரியைப் பற்றிப் பேசா. புளொப்பி ட்ரைவே இல்லாத கணினி ‘புளொப்பி டிஸ்க் ஃபெயில் 40’ என்று நிற்கும். ஏனென்றால் தொழிற்சாலை அமைப்பில் ஏ ட்ரைவ் 1.44 எம்பி என்று போட்டிருக்கும். எந்த ட்ரைவிலிருந்து முதலில் ஏறுவது என்ற பூட் வரிசை மாறியதால் ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்’ வரும். சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறை (சாட்டா மோட்) ஐடிஈக்கும் ஏஎச்சிஐக்கும் இடையில் மாறிவிட்டால் விண்டோஸ் ஏறத் தொடங்கி, நீலத் திரை மின்னி, மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தத் திரை நின்று தெரிய எஃப் 8 அழுத்தி, தானாக மீளத் தொடங்குவதை நிறுத்தும் தெரிவை எடுங்கள். ஸ்டொப் எண்ணின் முடிவு 7பி என்று இருந்தால், டிஸ்க்கும் விண்டோஸும் நல்லாயிருக்கிறது, இடையிலுள்ள அமைப்பு மாறிவிட்டது என்பதே அநேகமான பொருள். பயோஸில் சாட்டா மோட் எதுவாக இருக்கிறதோ அதை மற்றதற்கு மாற்றிச் சேமித்துப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் தேவையில்லாமல் இழந்தது கொஞ்சமல்ல.

புதுப் பற்றரி மீற்றரில் 3 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்குக் கீழ் இருந்தால் மாற்றிவிடுங்கள். சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கொளுவியை மெல்லத் தள்ளினால் பழையது எழும்பும். நேர்க்குறி மேலே தெரியப் புதியதை வையுங்கள். பிறகு திகதி, பூட் வரிசை, சாட்டா மோட், ஏ ட்ரைவ் இல்லை என்ற நான்கையும் சரிசெய்து, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்டுப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

பாடசாலைக் கணினி அறைகளில் இது விடுமுறை முடிந்து திறக்கும் கிழமையில் கூட்டமாக வரும். பிளக் செருகியிருக்கும்வரை மதர்போட் சுவர் மின்சாரத்தில் நேரத்தைக் காக்கும்; மெயின் சுவிச்சை அணைத்துப் பூட்டிப் போனால் பற்றரிதான் முழுச் சுமையையும் தாங்கும். பத்துக் கணினியும் ஒன்றாய் எரர் காட்டினால் பத்து டிஸ்க்கும் ஒரே நாளில் பழுதாகவில்லை.

‘நொன் சிஸ்டம் டிஸ்க்’, ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸிங்’

புளொப்பியோ பென் ட்ரைவோ மெமரி கார்ட்டோ செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். அநேகமாக இதோடு முடிந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபோர்மட் செய்த புளொப்பியே அதன் முதல் செக்டரிலிருந்து இந்த இரண்டாவது வரியைச் சொல்லும். பலர் அதை ஹாட் டிஸ்க்கின் பேச்சு என்று எடுத்துவிடுகிறார்கள்.

டிஸ்க் ஒருநாள் தெரிகிறது, ஒருநாள் தெரியவில்லை

‘டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்சேர்ட் சிஸ்டம் டிஸ்க்’ என்றோ ‘றீபூட் அன்ட் செலக்ட் புரொப்பர் பூட் டிவைஸ்’ என்றோ வந்து, அணைத்துப் போட்டால் சரியாகி, இரண்டு நாளில் மறுபடி வந்தால், சந்தேகம் வயரிலும் மின்சாரத்திலும்தான் முதலில் விழவேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கின் இரண்டு வயரையும் இரு முனையிலும் கழற்றிப் பூட்டுங்கள். சோளகக் காலத்துச் செம்மண் தூசி முனைகளுக்குள் மெல்லிய படையாகப் படியும். மாரியில் ஈரம் ஏறும்போது அதே தூசி தொடுப்பைக் கெடுக்கும். கழற்றிப் பூட்டும் உராய்வே அதைத் துடைத்துவிடும். ஆரம்பகாலத்துச் சாட்டா வயர்களில் பிடிக்கும் கொளுவி இல்லை. பெட்டியை இழுத்து நகர்த்தினாலே அரை மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும். கொளுவி உள்ள வயராக மாற்றுங்கள்.

ஐடிஈ பட்டி வயரில் நீல முனை மதர்போட்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு (இரண்டாவது டிஸ்க்). வயரின் சிவப்பு ஓரம் முதலாவது பின் பக்கம் வரவேண்டும். ஒரே வயரில் இரண்டு டிஸ்க்கும் மாஸ்டர் என்று ஜம்பர் (டிஸ்க்கின் பின்களில் செருகும் சிறு மூடி) போட்டால் இரண்டுமே மறையும், அல்லது ஒன்றின் பெயர் கோணல்மாணலாக வரும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய ஐடிஈ டிஸ்க்குகளில் ‘தனி’ என்பதும் ‘ஸ்லேவோடு மாஸ்டர்’ என்பதும் வெவ்வேறு ஜம்பர் நிலை. தனியாக ஓடும்போது இரண்டாவது நிலையில் விட்டால் கணினி இல்லாத ஸ்லேவைத் தேடிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது வோல்ற். நான்கு பின் பவர் முனையில் மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு இரண்டும் பூமி. மீற்றரை நேர் மின்னோட்ட வோல்ற் (DC V) 20இல் வைத்து, கறுப்புக் கம்பியைக் கறுப்பிலும் சிவப்புக் கம்பியை ஒவ்வொன்றிலும் தொட்டுப் பாருங்கள். 5 வோல்ற் 4.75க்கும் 5.25க்கும் இடையில், 12 வோல்ற் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கவேண்டும். அளக்கும் நேரம்தான் முக்கியம்: டிஸ்க் சுழல எழும்பும் முதல் சில வினாடிகளில் அளந்து பாருங்கள். மோட்டார் எழும்பும்போது 12 வோல்ற்றில் இழுவை கூடும். பழைய பவர் சப்ளை அப்போது 11க்குக் கீழ் விழுந்து, பிறகு ஒழுங்காக 12 காட்டும். ஆறுதலாக அளப்பவர் அதை நல்லது என்று சொல்லிவிடுவார். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடித்து நிற்பதுகூட இந்த விழுகையால் வரலாம்; நல்ல பவர் சப்ளையில் ஒருமுறை பார்க்காமல் அந்தச் சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சுவரிலிருந்து வருவதையும் பாருங்கள். நமது வழங்கல் 230 வோல்ற் என்று பெயர். ஒரே மின்மாற்றியில் நெல் மில்லும் வெல்டிங் கடையும் வயல் மோட்டரும் தொங்கும் இடத்தில், எரர் வரும் மணியைக் குறித்துவைத்தால் காரணம் தானாகத் தெரியும். பின்னேரம் மட்டுமே வரும் டிஸ்க் எரர் டிஸ்க்கினுடையதல்ல. யுபிஎஸ் பற்றரி செத்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்: கரண்ட் தட்டும் அந்தக் கணத்தில் கைவிட்டுவிடும், ‘டிலேய்ட் றைட் ஃபெயில்ட்’ என்று விண்டோஸ் அலறும். மதர்போட்டில் உருளைக் கப்பாசிற்றர்களின் தலை உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மேலே சொன்ன எல்லா எரரும் மாறி மாறி வரும். 2000களின் முற்பகுதிப் போட்களில் இது பெயர்போன நோய்.

வயரும் மின்சாரமும் சரி, ஆனாலும் ஒரு சீகேற் 7200.11 டிஸ்க் திடீரெனப் பயோஸில் இல்லாமற் போனால், எஸ்டி15 ஃபேர்ம்வெயர்தானா (டிஸ்க்கின் உள் மென்பொருள்) என்று மேலுள்ள லேபிளில் பாருங்கள். 2009 தொடக்கத்தில் வெளிவந்த பிழை அது. டிஸ்க் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். தரவு உள்ளே முழுசாக இருக்கும். குப்பையில் போடாதீர்கள், மீட்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

‘ஏ டிஸ்க் றீட் எரர் ஒக்கர்ட்’

எக்ஸ்பி காலத்து என்டிஎஃப்எஸ் (ஃபைல்களை அடுக்கும் ஒரு முறை) டிஸ்க்கின் முதல் செக்டர் சொல்லும் வரி இது. வாசிக்கச் சொல்லிப் பயோஸைக் கேட்டேன், வரவில்லை என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. டிஸ்க்கை வேறு கணினியில் பூட்டினால் ஃபைல்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் பழைய கணினியின் பயோஸில் டிஸ்க்கில் இடத்தை எண்ணும் முறை எல்பிஏ அல்லது ஓட்டோ என்று இருக்கிறதா பாருங்கள். ‘லார்ஜ்’ என்றோ ‘நோர்மல்’ என்றோ மாறியிருந்தால் அதே டிஸ்க்கின் இடக்கணக்கு பிசகி இந்த வரி வரும். அதன்பின் வயர். அதற்கும் பின்தான் டிஸ்க்.

‘80 கண்டக்டர் கேபிள்’ எச்சரிக்கை

40 இழை வயரில் வேகமான ட்ரைவ் தொங்குகிறது என்பதே இதன் பொருள். அந்த வயரில் சீடி ட்ரைவ் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். ஹாட் டிஸ்க் இருந்தால் வயரை மாற்றுங்கள்.

விண்டோஸ் போடும்போது ‘ஃபைலைக் கொப்பி பண்ண முடியவில்லை’, அல்லது ‘ஹால்.டிஎல்எல் இல்லை’

முதலாவதில், எந்த ஃபைலில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு இன்னொருமுறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஃபைல் என்றால் சீடியில் கீறல், அல்லது டிஸ்க்கில் ஒரே கெட்ட இடம். முறைக்கு ஒரு ஃபைலில் நின்றால் றாம் (தற்காலிக நினைவகம்). றாம் தட்டைக் கழற்றி, செப்புப் பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுப் பூட்டுங்கள். இரண்டு தட்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மெம்டெஸ்ட் என்ற றாம் சோதனைப் புரோகிராம் ஒரு இரவு ஓடி ஒரு எரரும் இல்லாவிட்டால்தான் றாம் நல்லது.

இரண்டாவதில் அந்த ஃபைல் அநேகமாகத் தன் இடத்திலேயே இருக்கும். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பூட்.ஐஎன்ஐ ஃபைல் பிழையான பாட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) எண்ணைக் காட்டுவதால் விண்டோஸ் வேறு அறையில் தேடுகிறது. புதிய பாட்டிஷன் ஒன்று உருவாக்கிய பின் இந்த எரர் வந்திருந்தால் வேறு காரணம் தேடவேண்டாம்; அந்த எண்ணைத் திருத்துங்கள்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம். ‘சைக்ளிக் றிடண்டன்சி செக்’

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து சிவப்பு வரிகளைப் பாருங்கள். எண் 7 என்றால் கெட்ட இடம். 11 என்றால் கொன்ட்ரோலர் எரர், அதாவது வயரையும் பார் என்று பொருள். ஆனால் 7ஐக் கண்டு பதறுமுன் அந்த வரியில் ட்ரைவின் பெயரை வாசியுங்கள். ‘சீடிறொம் 0’ என்று இருந்தால் யாரோ கீறல் விழுந்த சீடி ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஹாட்டிஸ்க் எண்கள் 0இலிருந்து தொடங்குவதால், ‘ஹாட்டிஸ்க் 1’ என்பது இரண்டாவது டிஸ்க். செருகிய பென் ட்ரைவாகவும் இருக்கலாம்.

எக்ஸ்பி, தரவு திரும்பத் திரும்பத் தடங்கினால் ஐடிஈ வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற மிக மெதுவான முறையில் விட்டுவிடும். வயரை மாற்றினாலும் அது தானாக மேலே ஏறாது. டிவைஸ் மனேஜரில் பிரைமரி ஐடிஈ சானலை அன்இன்ஸ்டோல் செய்து மீளத் தொடங்குங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து வேகத்தை மீட்கும்.

உண்மை நிலை தெரிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒன்றால், டிஸ்க் தன் நிலை பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். 199 என்ற சிஆர்சி எண் (வழியில் கெட்ட தரவின் கணக்கு) கூடினால் வயர். அது ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணைக் குறித்து, வயரை மாற்றி, ஒரு கிழமை கழித்து மேலும் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 5, 197, 198 ஆகியவை (கெட்ட செக்டர்களின் கணக்கு) கூடிக்கொண்டே போனால் இது டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் நோய். அப்போது சோதனை போதும், கொப்பி எடுக்கத் தொடங்குங்கள்.

‘டிஸ்க் ஃபோர்மட் செய்யப்படவில்லை, செய்யவா?’

இல்லை என்பதை அழுத்துங்கள். எப்போதும்.

யுஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர்தான் தரவேண்டும். லாப்டொப் அளவு டிஸ்க் சுழல எழும்ப அதற்கு மேல் இழுக்கும். பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகி இந்தக் கேள்வி வந்தால் பின்பக்கத் துளையில், இரட்டை முனை வயரோடு செருகுங்கள். அடுத்து, ஸ்ரூடியோக்காரர் கவனிக்க வேண்டியது: 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கமரா கார்ட்டுகள் எக்ஸ்ஃபட் முறையில் வருகின்றன. மேம்படுத்தாத எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. தெரியாததைத்தான் ‘ஃபோர்மட் இல்லை’ என்கிறது. கார்ட்டைப் புதிய கணினியில் போட்டுப் பாருங்கள், முழுக் கலியாணமும் அங்கே இருக்கும்.

160 ஜிபி டிஸ்க் 127 ஜிபி என்று காட்டினாலும் கை வைக்காதீர்கள். பழைய பயோஸுக்கும் சேவிஸ் பாக் 1க்கு முந்திய எக்ஸ்பிக்கும் 13.7 கோடி கிலோபைட், அதாவது விண்டோஸ் கணக்கில் 127 ஜிபிக்கு அப்பால் எண்ணத் தெரியாது. அந்த நிலையில் எழுதவிட்டால் எல்லை தாண்டிய எழுத்து டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும்.

இடம் இருக்கிறது, ‘டிஸ்க் நிறைந்துவிட்டது’ என்கிறது

ஃபட் 32 என்ற பழைய அடுக்கு முறையில் உள்ள டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்பி அதைச் சொல்லாமல் இடம் போதாது என்றுவிடும். கமராவின் டிவி (DV) கசெட்டிலிருந்து ஏற்றும் வீடியோ மணிக்கு 13 ஜிபி அளவு. ஆகவே 20 நிமிடத்துக்குக் கிட்டவே இந்தச் சுவரில் முட்டும். துண்டுபோட்டு ஏற்றுங்கள், அல்லது வெறும் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள்.

2 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள பழைய பென் ட்ரைவ்களில் வேறு தடை. ஃபட் 16இன் முதல் ஃபோல்டரில் 512 பதிவுக்குத்தான் இடம். நீண்ட பெயர் ஒவ்வொரு 13 குறிக்கும் ஒரு பதிவைத் தின்னும். தமிழில் ‘கி’ என்பதே இரண்டு குறி. தமிழ்ப் பெயரிட்ட நூறு சொச்சம் ஃபைலிலேயே கதவு மூடிவிடலாம். ஒரு ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள், தடை போய்விடும்.

புளொப்பி

லைற் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வயர் தலைகீழ். அந்த நிலையில் தேவையான டிஸ்க் எதையும் உள்ளே விடாதீர்கள். எழுதும் சமிக்ஞை விழுந்து அழிந்துவிடும்.

எரரே இல்லாத எரர் ஒன்று உண்டு, அதுதான் மிக ஆபத்தானது. இரண்டாவது புளொப்பியைப் போட்டாலும் முதலாவதின் பட்டியலே திரையில் நிற்கும். டிஸ்க் மாறிவிட்டதைச் சொல்லும் 34ஆவது கம்பி வேலைசெய்யவில்லை. இந்த நிலையில் சேமித்தால் முதலாவதின் கணக்கு இரண்டாவதின் மேல் எழுதப்பட்டு அது நாசமாகும். வயரை மாற்றுங்கள், ட்ரைவை மாற்றுங்கள், அதுவரை எழுதும் துளையைத் திறந்தே வையுங்கள் (திறந்திருந்தால் எழுத முடியாது). மாரி ஈரத்தில் கிடந்த புளொப்பியின் தகட்டைத் தள்ளிப் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். அது பூஞ்சணம். அப்படியே போட்டால் ‘ஜெனரல் ஃபெயிலியர்’ வருவதோடு, ட்ரைவின் தலையில் ஒட்டி அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறும்.

டிஸ்க்தான் பழுது என்று உறுதியானால்

விண்டோஸின் டிஸ்க் திருத்தியான செக்டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். சாகும் டிஸ்க்கில் அது மணிக்கணக்காக அடித்து, கிடைக்காத ஃபைல்களின் பெயரையும் அழித்துவிடும். லினக்ஸில் ஏறி, டிடிறெஸ்கியூ என்ற நகலெடுக்கும் கட்டளையால் முழு டிஸ்க்கையும் சமமான அல்லது பெரிய நல்ல டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கட்டளையில் முதலில் மூலம், பிறகு இலக்கு, மூன்றாவதாகப் பதிவு ஃபைல். மூலத்தையும் இலக்கையும் மாற்றிப்போட்டால் எல்லாம் போய்விடும். மொடல் பெயரையும் கொள்ளளவையும் இருவர் பார்த்து உறுதிசெய்த பின்பே அழுத்துங்கள். பதிவு ஃபைல் இருந்தால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திருத்த வேலை எல்லாம் நகலில்தான். டிஸ்க்கைக் குளிரூட்டியில் வைக்கும் வைத்தியம் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் பூக்கும். நல்ல பவர் சப்ளையிலும் ‘டிக் டிக்’ சத்தம் நிற்காவிட்டால் அணைத்துவிடுங்கள். அதற்குமேல் அது ஆய்வுகூட வேலை.

மீட்ட ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறதா? தரவு கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதம் பாமினி இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற ஃபோல்டரில் அந்த எழுத்துரு இருக்கும். ஆவணங்களோடு அதையும் கொப்பி எடுத்துப் புதிய கணினியில் நிறுவுங்கள். யுனிகோடுக்கு மாற்றினாலும் மூலப் பிரதியை அப்படியே வைத்திருங்கள், ஏனென்றால் மாற்றிகள் அட்டவணைகளிலும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களிலும் பிழைவிடும்.